பெயரும் பிடியும்

நமக்குச் சித்திரம் பார்க்கத் தெரியாது என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக நிலவி வருகிறது. கச்சேரிக்குப் போனால் தலையாட்டுகிறோம். நாட்டியம் பார்த்தால் அபிநயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுகிறோம். கதை படித்தால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறோம். ஆனால் ஒரு சித்திரத்தின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும், "நமக்கென்ன ஸார் தெரியும்!" என்று மெல்ல நழுவிவிடுகிறோம். அடக்கம் நல்ல குணந்தான். ஆனால் இந்த அடக்கத்தில் உண்மை இல்லை.

தொடர்கதை படித்து வளர்ந்த வாசகர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது அதற்குப் படம் போட்டவர் மணியம். அவருடைய கையெழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு படத்தைக் காட்டினாலும், "இது மணியம்" என்று சொல்லிவிடுவார். 'தென்னாட்டுச் செல்வங்க'ளில் சில்பி வரைந்த சிலைகளுக்குக் கல்லின் கனம் உண்டு; நிழல் விழும் இடத்தில் விரலை வைத்தால் ஜில்லென்று இருக்கும் போலத் தோன்றும். 'தில்லானா மோகனாம்பா'ளுக்குப் படம் போட்ட கோபுலுவோ நாலைந்து கோடுகளில் ஒரு நாயனக்காரரின் கன்னத்தையும் கர்வத்தையும் சேர்த்தே காட்டிவிடுவார். ஒருவர் படத்தை மற்றொருவர் படமென்று அந்த வாசகர் மயங்கியதே இல்லை. இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. வாரா வாரம் பார்த்தார், கண் பழகியது, அவ்வளவுதான்.

சித்திரத்தில் பாணியை அடையாளம் காண்பது என்பது இதுதான். இதற்கு மேல் உள்ளதெல்லாம் விஸ்தாரம்.

இந்த எளிய விஷயத்தைப் பெரிய வித்தையாக ஆக்கிவிட்டவை, "ஓவிய இயக்கங்களை அடையாளம் காண்பது எப்படி?" என்று கற்பிக்க வந்திருக்கும் கைப்புத்தகங்கள். அவற்றின் முறை சுலபமானது. புள்ளி புள்ளியாக இருந்தால் இன்ன இயக்கம். கட்டம் கட்டமாக இருந்தால் இன்ன இயக்கம். கடிகாரம் உருகி வழிந்தால் இன்ன இயக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வருஷம், ஒரு அடையாளம். பரீட்சைக்குப் போகிற பையனுக்கு இது போதும். ஆனால் இப்படிக் கற்றவன் சித்திரத்தைப் பார்ப்பதில்லை. சித்திரத்தில் மச்சம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறான். மச்சம் அகப்பட்டதும் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறான்.

சங்கீதத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நன்றாகத் தெரியும். ஒரு சினிமாப் பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, "இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கிறது, ஆகவே கல்யாணி" என்று சொல்கிறவர் ஒருவர். வித்வான் ஆலாபனையை ஆரம்பித்து ஒரு 'பிடி' பிடித்ததுமே நிமிர்ந்து உட்காருகிறவர் இன்னொருவர். முதலாமவரிடம் இருப்பது பெயர்; இரண்டாமவரிடம் இருப்பது பிடி. சித்திரத்திலும் பிடி உண்டு. ஓவியன் எதை முதலில் பார்க்கிறான், எதை வேண்டாமென்று தள்ளுகிறான் என்பதுதான் அது. அது தெரிந்துவிட்டால் பெயர் தானாக வந்து சேரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை.

பெயர்களை அதிகம் நம்பாமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் பல, ஓவியர்கள் தாங்களாக வைத்துக்கொண்டவை அல்ல. வேடிக்கை பார்த்தவர்கள் பரிகாசமாகச் சூட்டியவை. 1874-ல் பாரிஸில் சில ஓவியர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் க்ளோத் மோனே ஒரு துறைமுகத்தின் சூரியோதயத்தை வரைந்து, அதற்கு 'இம்ப்ரெஷன்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார். மனத்தில் பதிந்த ஒரு சாயல் என்று பொருள். லூயி லெருவா என்ற பத்திரிகைக்காரர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் கேலி செய்தார். 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' பிறந்தார்கள். 1905-ல் மத்தீஸ் முதலியவர்களின் பளீரென்ற வர்ணங்களைக் கண்ட லூயி வோஸெல் என்ற விமரிசகர் அவர்களைக் காட்டு விலங்குகள் என்றார். அது ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. 1908-ல் பிராக் வரைந்த மலைச்சரிவு வீடுகளைப் பார்த்து, எல்லாம் கனசதுரங்களாக இருக்கின்றனவே என்று அதே மனிதர் எழுதினார், 'க்யூபிஸம்' கிடைத்தது. ஊரார் வைத்த பட்டப்பெயரைக்கொண்டு ஒருவருடைய குணத்தை நிர்ணயிக்க முடியுமா?

ஆகவே பெயர்களைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மலையைப் பார்ப்போம். வெகுதூரம் போக வேண்டாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. ஊரைவிட்டுக் கச்சிராயபாளையம் பக்கம் போனால் கோமுகி அணைக்குப் பின்னால் வரிசையாக எழுந்து நிற்கும். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. மேலே வெள்ளிமலை முதலான ஊர்களும் மலையாளிப் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். சித்திரக் கண்காட்சி எதிலும் இந்த மலை பிரசித்தி பெற்றதில்லை. அதுவும் நமக்கு ஒரு சௌகரியம். இதை இப்படித்தான் வரைய வேண்டும் என்று யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை.

மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழுகிறது. மடிப்பு மடிப்பாக, மரம் மரமாகத் தெரிகிறது. நடுப்பகலில் வெப்பத்தில் வெளிறிச் சாம்பல் பூசிக்கொள்கிறது. மாலையில் சூரியன் பின்னால் இறங்கும்போது மடிப்புகளெல்லாம் மறைந்து ஒரே ஊதா நிழலாக நிற்கிறது. மலையின் நிறம் என்ன என்று மோனேயைக் கேட்டால், "எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் 1890-91-ல் வைக்கோற்போர்களை மட்டும் ஏறக்குறைய இருபத்தைந்து படங்கள் எழுதினார். வைக்கோற்போர் அவருக்கு ஒரு சாக்கு. அவர் எழுதியது அதன்மேல் வந்துபோகிற வெளிச்சத்தை. நிழலில் கறுப்பைத் தேடினால் அகப்படாது. நீலமும் ஊதாவுந்தான் இருக்கும். கிட்டப்போனால் வெறும் தீற்றல்கள். பத்தடி பின்னால் வந்தால் மலை. இதுதான் அவருடைய பிடி.

செஸானுக்கு இது போதவில்லை. வெளிச்சம் போகட்டும், மலை எப்படி நிற்கிறது என்று அவர் கேட்டார். தம் ஊருக்கு அருகிலிருந்த ஸாந்த் விக்த்வார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்து, பட்டை பட்டையான வர்ணங்களால் கொத்தனார் கல் அடுக்குவதுபோல் அதைக் கட்டினார். அவர் 1906-ல் காலமானார்; அடுத்த இரண்டு வருஷத்துக்குள் பிராக்கும் பிக்காஸோவும் அந்த அடுக்கைப் பிரித்து, ஒரு பொருளின் பல பக்கங்களை ஒரே சமயத்தில் காட்டத் தொடங்கினார்கள். வான்கோவுக்கோ மலை நிற்கவே இல்லை. 1889-ல் அவர் எழுதிய நட்சத்திர இரவில் மலையும் வானமும் ஒரே அலையாகப் புரளுகின்றன. வர்ணத்தைத் தடிமனாக அப்பியிருக்கிறார். தூரிகை போன தடம் உழவுச் சால்போல் தெரிகிறது. நம் நாட்டில் அவனீந்திரநாத் தாகூர் ஜப்பானிய முறையைத் தழுவி, வர்ணத்தை நீரில் கழுவிக் கழுவிப் படம் எழுதினார். அவர் கையில் இந்தக் கல்வராயன் ஐப்பசி மழைக்குப் பின் மூடுபனியில் பாதி கரைந்திருக்கும். மீதி நம் ஏக்கத்துக்கு விடப்பட்டிருக்கும்.

மலை ஒன்றுதான். ஒருவர் வெளிச்சத்தைப் பார்த்தார்; ஒருவர் கட்டுமானத்தைப் பார்த்தார்; ஒருவர் தம் நெஞ்சின் கொந்தளிப்பைப் பார்த்தார். மற்றவற்றை ஒவ்வொருவரும் தள்ளினார்கள். தள்ளியது எது என்று கேட்கத் தெரிந்தவனுக்குக் கைப்புத்தகம் வேண்டாம்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல். அதற்கு முன் விழுப்புரம், அதற்கும் முன் பழைய தென்னாற்காடு ஜில்லா. அந்த ஜில்லாவின் எல்லைக்குள் சுற்றினாலே பல பாணிகளைக் கண்ணாரக் காணலாம்.

திருக்கோவிலூரிலிருந்து விழுப்புரம் போகும் வழியில் கீழ்வாலை என்ற ஊரில் பாறைமேல் செங்காவியால் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. முகத்தில் கண் மூக்கு இல்லை. சில தலைகள் பறவை மூக்குப்போல் நீண்டிருக்கின்றன. மிருகத்தின்மேல் ஒருவன் இருக்கிறான். கைகோத்து நிற்கிறார்கள் சிலர். தரை என்று ஒரு கோடு கிடையாது. வானம் என்று ஒன்றும் கிடையாது. அந்தச் சித்திரக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறான்: இவர்கள் என்ன செய்கிறார்கள்? யார், எங்கே, என்ன அழகு என்பதெல்லாம் அவனுக்கு அநாவசியம்.

அங்கிருந்து பனமலைக்கு வாருங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில் ஒரு தேவி நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துச் சிவனுடைய ஆட்டத்தைப் பார்க்கிறாள். வர்ணம் பெரும்பாலும் போய்விட்டது, கோடு போகவில்லை. பாதத்திலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து கழுத்துக்கும் கை தயங்காமல் ஓடியிருக்கிறது. பல்லவ ஓவியன் உடம்பின் கனத்தை நிழல் போட்டுக் காட்டவில்லை. கோட்டை வளைத்தே காட்டிவிட்டான். 'சிவகாமியின் சபத'த்தில் ஆயனச் சிற்பி அஜந்தா வர்ண ரகசியத்துக்காக ஏங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். பனமலையைப் பார்த்தால், வர்ணம் போன பிறகும் நிலைத்து நிற்கிற ரகசியம் ஒன்று பல்லவ நாட்டிலேயே இருந்தது என்று தோன்றும்.

அடுத்தது சிதம்பரம். சிவகாமசுந்தரி சந்நிதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலச் சித்திரங்கள் உள்ளன. இங்கே ஓவியனுக்கு ஒரே உருவத்தில் நின்று லயிக்க நேரமில்லை; அவனுக்குக் கதை சொல்ல வேண்டும். பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு காட்சிக்குப் பக்கத்தில் அடுத்த காட்சியை வைக்கிறான். முகங்கள் பக்கவாட்டில் திரும்புகின்றன. கண் முகத்தைவிட்டு வெளியே வரப்பார்க்கிறது. சேலையில் பூ, கரையில் பூ, எங்கும் ஆபரணம். நாயக்கர் காலத்து ஓவியர்கள் பல கோயில்களில் படத்தின் அடியில் விளக்கமும் எழுதி வைத்தார்கள். தொடர்கதைப் பிரியர்களான நமக்கு இந்தப் பாணி அந்நியமாகத் தோன்ற நியாயமே இல்லை.

கடைசியாக உங்கள் வீட்டுச் சுவருக்கே வாருங்கள். அங்கே காலண்டர் இருக்கிறது. ரவிவர்மா எண்ணெய் வர்ணத்தையும் ஐரோப்பிய ஒளி நிழலையும் கொண்டு தெய்வங்களுக்குச் சதையும் எலும்பும் கொடுத்தார். 1894-ல் அச்சுக்கூடம் வைத்து அவற்றை வீடு வீடாக அனுப்பினார். கோவில்பட்டியிலிருந்த கொண்டையராஜு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். அவருடைய காலண்டர்ப் படங்களில் முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலையையும் அருவியையும் பாருங்கள். அது எந்த ஊர் மலையும் அல்ல, நாடகத் திரையின் மலை. தெய்வம் மேடையில் நிற்கிறது. நம்மை நேராகப் பார்க்கிறது. நாம் சபையில் இருக்கிறோம். ரவிவர்மாவின் தேவிக்கு நாம் பார்ப்பது தெரியாது. கொண்டையராஜுவின் தேவி நமக்காகவே காத்திருக்கிறாள். பூஜை அறைக்கு இரண்டாமவள் பொருத்தமாக அமைந்ததில் ஆச்சரியம் என்ன?

பிடி தெரிந்தவனுக்கும் சறுக்கல் நேரும். சித்தன்னவாசல் குகை ஓவியங்களை அறிஞர்கள் முதலில் பாணியைக்கொண்டு மகேந்திர பல்லவன் காலத்தவை என்றார்கள். பிறகு படிக்கப்பட்ட கல்வெட்டு, 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லிற்று. கண்ணுக்குக் கல்வெட்டின் துணையும் வேண்டும். ஆனால் அங்குள்ள தாமரைக் குளத்தைப் பாருங்கள்: குளம் மேலிருந்து பார்த்ததுபோல் விரிகிறது, அதில் மீனும் யானையும் எருமையும் பக்கவாட்டில் தெரிகின்றன. ஒரே படத்தில் இரண்டு பார்வை! இதைக் கண்டு கைப்புத்தகக்காரர் 'க்யூபிஸம்' என்று சொல்லிவிடுவார். பிராக் பொருளை உடைத்து ஆராய்ந்தார். நம் ஓவியனோ குளத்தில் உள்ள எதையும் விட்டுவிட மனமில்லாமல் அப்படி எழுதினான். அடையாளம் ஒன்று, உள்நோக்கம் வேறு.

கே. சி. எஸ். பணிக்கர் விஷயத்திலும் இதே விபத்து நேரக்கூடும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர் அவர். 1963 முதல் அவர் எழுதிய 'சொற்களும் குறிகளும்' வரிசைப் படங்களில் எழுத்துக்கள், கட்டங்கள், முக்கோணங்கள், குட்டி உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மேல்நாட்டுப் பெயர் ஒன்றை அதில் ஒட்டிவிடுவது சுலபம். நம் வீட்டுப் பெட்டியிலிருக்கும் ஜாதகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்று தெரியும். படிக்க முடியாத எழுத்தின் முன்னால் நமக்கு உண்டாகும் பயபக்திதான் அந்தப் படங்களின் உயிர். இந்தப் பிடி நமக்கு அகப்படுவதுபோல் பாரிஸ்காரருக்கு எளிதில் அகப்படாது.

"அழகாக இருந்தால் ரசித்துவிட்டுப் போகிறோம், பாணியும் பிடியும் எதற்கு?" என்று கேட்கிற கட்சி ஒன்று உண்டு. அந்தக் கட்சிக்கு நான் 1931-ஆம் வருஷத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பிற்காலப் பூச்சுக்கு அடியில் பல்லவ வர்ணம் ஒளிந்திருப்பதைக் கண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட பாதையில் விளக்கோடு நுழைந்தார். சுவரில் தெரிந்தவை நாயக்கர் காலச் சித்திரங்கள். மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடத்தில் அடியில் வேறொரு கோடு தெரிந்தது. அது நாயக்கர் கோடு அல்ல என்று அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியங்கள் உலகத்துக்குத் திரும்பக் கிடைத்தன. கைலாயம் போகும் சுந்தரரும், முப்புரம் எரிக்கும் சிவனும் பல நூற்றாண்டு உறக்கம் கலைந்து எழுந்தார்கள். பின்னாளில் தொல்பொருள் துறையினர் நாயக்கர் படலத்தையும் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனியே பாதுகாத்தார்கள். இரண்டு பாணிகளும் பிழைத்தன.

அந்த உதிர்ந்த சுவரின் முன்னே பாணி தெரியாத ஒருவர், நல்ல மனத்தோடும் சுண்ணாம்பு வாளியோடும் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "சுவர் பாழாகிக் கிடக்கிறதே, கும்பாபிஷேகம் வருகிறதே" என்று வெள்ளையடித்திருப்பார். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் சுவர்களுக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது. அவற்றை அழித்தவர்கள் பகைவர்கள் அல்லர்; பக்தர்கள். அவர்களிடம் பக்திக்குக் குறைவில்லை. கண்ணில்தான் பிடி இல்லை.

இது பழங்கதை என்று இருந்துவிட முடியாது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்து மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்திரம் வேறு, மரச் சிற்பம் வேறு என்றாலும் பாணி விஷயத்தில் நியாயம் ஒன்றே. தேர்ச் சிற்பத்தின் வழிவந்த யாளியும் கொடியும் தெய்வ உருவமும் அந்தக் கைகளில் இன்னும் இருக்கின்றன. மறுபுறம் இயந்திரம் குடைந்த பலகைகளும் சந்தைக்கு வந்துவிட்டன. இயந்திரம் செதுக்கிய கொடியில் இடப்பக்கத்து இலையும் வலப்பக்கத்து இலையும் ஒரே அச்சு. கை செதுக்கிய கொடியில் மரத்தின் ரேகைக்கு இணங்கி ஓர் இலை சற்று ஒதுங்கும். ஒன்று சற்று ஆழமாகத் திரும்பும். வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாவிட்டால், மலிவாக இருக்கிற பலகையே வீட்டுக்குப் போகும். சட்டம் ஒரு பெயரைக் காப்பாற்றும். உளி பிடித்த கையைக் காப்பாற்ற வேண்டியவர், கடை வாசலில் நின்று விலை கேட்கிற நீங்களும் நானுந்தான்.

ஆகவே அடுத்த தடவை ஒரு சித்திரத்தின் முன்னே நிற்க நேர்ந்தால், அது எந்த இயக்கம் என்று யோசித்துத் திண்டாட வேண்டாம். கோபுலுவையும் சில்பியையும் பிரித்தறிந்த அதே கண்ணோடு பாருங்கள். வரைந்தவன் எதைப் பார்த்தான், எதைத் தள்ளினான் என்று மட்டும் கேளுங்கள். பதில் உடனே வராது. இரண்டு படம், பத்துப் படம் பார்க்க வேண்டியிருக்கும். கல்யாணியும் நமக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை அல்லவா?